காது கேட்குது, சொல்லு விளங்கல

நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து உடனே பதில் குரல் வரும். பேர் காதில் விழுந்து பதில் வாயில் வருவதற்குள் மூளை செய்து முடிக்கும் வேலை கொஞ்சமல்ல. அதில் எந்த இடம் பழுதானாலும் லயத்தில் நாம் சொல்வது ஒன்றுதான்: "காது கேட்கல." இந்த ஒரே சொல்லால் பலருக்கு வைத்தியம் பிந்திப்போகிறது.

காதிலிருந்து மூளைக்கு

சத்தம் செவிப்பறையை அதிரவைக்கிறது. மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வை நத்தை ஓடு போல் சுருண்ட உள்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் அதை மின்செய்தியாக்கி நரம்பில் ஏற்றுகின்றன. செத்துப்போன மயிர்க்கலம் மறுபடி முளைக்காது. தேயிலை ஸ்டோரில் ரோலர் பக்கத்தில் வருடக்கணக்காக வேலை செய்பவர்கள் காதடைப்பான் கேட்டு வாங்குவது அதனால்தான் முக்கியம். 85 டெசிபலுக்கு மேலான சத்தம் நாள்தோறும் எட்டு மணி நேரம் விழுந்தால் காது கெடும்.

இது பாதிதான். காதுக்கு மேலே, மூளையின் பக்க மடலில்தான் வந்த சத்தம் ‘மலை’யா ‘மழை’யா என்று பிரிகிறது. பொருளும் அதன் பிறகே விளங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு மொழி வேலையை அதிகம் பார்ப்பது இடப்பக்க மூளை.

பேசாத பிள்ளை

"அப்பனும் பிந்தித்தான் பேசினான்" என்று காத்திருக்கிறோம். காத்திருக்கும் மாதங்கள் திரும்பக் கிடைக்காதவை. சத்தம் போய்ச் சேராத மூளைக்கு மொழியைக் கட்ட மண்ணும் கல்லும் இல்லை. ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பாத குழந்தையை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராத பிள்ளையை, காதில் சீழ் வடியும் பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீட்டில் தமிழும் வெளியே சிங்களமும் கேட்பதால் பேச்சு பிந்தாது. அந்தப் பயத்தில் தாய்மொழியை நிறுத்திவிடாதீர்கள்.

காது நன்றாக இருந்தும், சத்தத்துக்கு நடுவே சொல்லைப் பிரித்தெடுக்க மூளை திணறும் பிள்ளைகளும் உண்டு. தகரக் கூரையில் மழை அடிக்கும் வகுப்பறையில் அந்தப் பிள்ளையை ‘மக்கு’ என்று அடிப்பது பெரும் பாவம். முன்வரிசையில் உட்கார வைத்தாலே பாதி துன்பம் குறையும்.

நாலரை மணி நேரம்

கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா தேத்தண்ணி கேட்க வாயெடுத்து ‘கூடை’ என்கிறார். நாம் பேசுவது அவருக்கு விளங்கவில்லை. காத்து கருப்பு என்று பூசாரியைத் தேடி ஓடுகிறோம். ஆனால் அது மூளையின் பேச்சுப் பகுதியைத் தாக்கிய பாரிசவாதமாக இருக்கலாம்.

1861இல் பாரிஸ் மருத்துவர் புரோக்கா, ‘டான்’ என்ற ஓசையைத் தவிர வேறு பேச முடியாமல் இறந்த ஒருவரின் மூளையில், இடப்பக்க முன்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். 1874இல் ஜெர்மானியரான வெர்னிக்கே வேறொரு வகையை விவரித்தார்: பேச்சு சரளமாக ஓடும், பொருள் இருக்காது, பிறர் பேச்சும் விளங்காது. அவர்களுக்குப் பழுது பின்பக்கத்தில். கை கால் விழாமல் பேச்சு மட்டும் குழம்புவதால், இவர்களைத்தான் வீட்டார் பைத்தியம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். மூளையின் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கும் வளைவுப் பாதையே அந்த நேரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தேத்தண்ணி பருக்காதீர்கள், புரைக்கேறும்.

சொல்லைத் திரும்பத் தேடும்போது

பேச்சிழந்தவரிடம் கத்திப் பேச வேண்டாம். அவர் செவிடர் அல்ல. சிறு வாக்கியமாக, முகம் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் பேச முடியாதவர் பழகிய தெம்மாங்கைப் பாடிவிடுவதுண்டு. பாட்டுக்கு வலப்பக்க மூளையும் கைகொடுக்கிறது. இரு மொழி தெரிந்தவருக்குச் சிலசமயம் ஒன்று முந்தி வரும். சிங்களம் வந்து தமிழ் வராவிட்டால் அம்மா நம்மை மறந்துவிட்டார் என்று கலங்க வேண்டியதில்லை.

ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கிறது. அப்படி ஒருவரிடம் போகும்போது பேரப்பிள்ளைகளின் படங்களையும், அவர் தினமும் புழங்கிய சொற்களை எழுதிய தாளையும் கொண்டுபோங்கள்: கொழுந்து, கூடை, காம்பரா, பெரட்டு. பயிற்சியை அந்தச் சொற்களிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.