ஒரு காட்டைக் காப்பாற்றிய திருவிழா

திருவிழா என்றாலே ஆட்டம், பாட்டம், கொண்டாட்டம் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். ஆனால், ஒரு காட்டையே அழியாமல் காப்பாற்றிய திருவிழாவும் உண்டு. ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டில், ஓஷோக்போ நகரில் யொரூபா இன மக்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் கொண்டாடும் ஓஷுன் திருவிழாவே அது.

ஓஷுன் என்பது ஓர் ஆற்றின் பெயர். அந்த ஆற்றில் உறையும் பெண் தெய்வத்தின் பெயரும் அதுவே. பிள்ளை வரம் கேட்போரும் நோய் தீர வேண்டுவோரும் அவளையே நாடுகின்றனர்.

ஆற்றங்கரை உடன்பாடு

தண்ணீர் தேடி வந்த லாரோயே, திமேஹின் ஆகியோர் தங்கள் மக்களுடன் இந்த ஆற்றங்கரையில் குடியேறினர். அங்கு வெட்டிய மரம் ஒன்று ஆற்றில் சாய்ந்ததாம். தன் சாயப் பானைகள் உடைந்துவிட்டன என்று நீருக்குள்ளிருந்து தேவியின் குரல் எழுந்ததாம். மக்கள் குடியிருப்பைத் தள்ளி அமைத்துக்கொண்டனர். ஆண்டுதோறும் படையலிட்டால் ஊரைக் காப்பதாகத் தேவி வாக்களித்தாள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

அந்த உடன்பாட்டைப் புதுப்பிப்பதே திருவிழாவின் நோக்கம். பன்னிரண்டு நாள் விழாவில் முதலில் ஊர் தூய்மைச் சடங்கு நடைபெறும். பின்னர் பதினாறு முக விளக்கு ஏற்றப்படும். முன்னாள் அரசர்களின் மகுடங்களை ஒன்றுகூட்டி ஆசி பெறுவர். இறுதி நாளில் 'அருக்பா' எனப்படும் கன்னிப்பெண் படையல் பொருள்கள் அடங்கிய சுரைக்குடுக்கையைத் தலையில் சுமந்து ஆற்றுக்குச் செல்வாள். 'அத்தாவோஜா' என்றழைக்கப்படும் அரசரும் திரளான மக்களும் அதில் கலந்துகொள்வர்.

காடு பிழைத்த கதை

முன்பு யொரூபா ஊர்கள்தோறும் இத்தகைய புனிதக் காடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன அல்லது சுருங்கிவிட்டன. ஓஷோக்போவில் மரம் வெட்டுவதும் மீன் பிடிப்பதும் வேட்டையாடுவதும் தெய்வக் குற்றம் என்ற நம்பிக்கை சுமார் 75 ஹெக்டர் காட்டைக் காத்தது.

அந்த நம்பிக்கை தளர்ந்த காலத்தில், 1950ஆம் ஆண்டு நைஜீரியாவுக்கு வந்த ஆஸ்திரியக் கலைஞர் சுசான் வெங்கர் உள்ளூர்க் கலைஞர்களுடன் சேர்ந்து, சிதைந்த ஆலயங்களைச் சீரமைத்தார். புதிய சிலைகளையும் எழுப்பினார். 2009ஆம் ஆண்டு அவர் அதே நகரில் காலமானார். யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டு இக்காட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்று ஆற்றுக்கே ஆபத்து

காடு பிழைத்துவிட்டது. ஆனால், ஆற்றுக்கு இப்போது சோதனை. மேல்பகுதியில் நடைபெறும் தங்கச் சுரங்கப் பணிகளால் நீர் கலங்கிப் பழுப்பாக மாறியது. ஈயம், பாதரசம் போன்றவை நீரில் கலந்திருப்பதும் பரிசோதனைகளில் தெரியவந்தது. தீர்த்தமாகக் கருதி அருந்தும் அந்த நீரைக் குடிக்க வேண்டாம் என்று 2022ஆம் ஆண்டு மாநில அரசே மக்களை எச்சரிக்க நேர்ந்தது.

காட்டுக்கு எல்லை உண்டு. வேலி போட்டுக் காக்கலாம். ஆறோ எங்கிருந்தோ ஓடி வருவது. தேவியின் பெயரால் காட்டைத் தொடாமல் விட்ட மக்கள், தங்கள் கைக்கு எட்டாத தொலைவில் கெடும் நீரை என்ன செய்ய முடியும்? ஆற்றின் வழிநெடுகிலும் உள்ளவர்கள் அந்தப் பழைய உடன்பாட்டில் சேர்ந்தால்தான், அருக்பா சுமந்து செல்லும் படையலை ஏற்க நல்ல நீர் மிஞ்சும்.