வெறுங்கை வீச்சும் விளையாட்டுப் பொறியும்

கல்லூரி மைதானத்தின் ஓரத்திலே, துடுப்பெடுத்தாடத் தன் முறைக்காகக் காத்து நிற்கும் மாணவனைப் பார்த்திருப்பீர்கள். கையிலே துடுப்பில்லை, எதிரே பந்துமில்லை. ஆயினும் இடக்காலை முன்வைத்து, முழங்கையை உயர்த்தி, வெறுங்காற்றை ஓங்கி அடித்து, போகாத பந்தின் போக்கைக் கண்ணாலே தொடர்வான். அதற்கு ஓட்டம் எண்ணுவார் ஒருவருமிலர். அந்த வெறுங்கை வீச்சை அளந்து ஆட்டமாக்கித் தருவோம் என்று புறப்பட்டவையே அசைவறி விளையாட்டுப் பொறிகள். அவை சொன்ன சொல்லைக் காத்தனவா என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கணினி விளையாட்டென்பது நெடுங்காலம் இரு பெருவிரல்களின் தொழிலாகவே இருந்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 'வீ' என்னும் பொறியை வெளியிட்டது. அதன் கைக்கோலினுள்ளே ஆர்முடுகலை அளக்கும் சிறு கருவியொன்று இருந்தது. கோலின் நுனியிலிருந்த கண், தொலைக்காட்சியின் அருகே வைத்த செந்நிறக்கீழ் ஒளிப்புள்ளிகளை நோக்கித் தான் சுட்டும் திசையை உணர்ந்தது. கோலை வீசினால் திரையிலே டெனிஸ் மட்டை வீசிற்று. இத்தகைய ஆட்டத்தை ஒருநாளும் தொட்டறியாத பாட்டன்மாரும் பாட்டிமாரும் எழுந்து நின்று ஆடினர். கோல் கைநழுவித் தொலைக்காட்சிப் பெட்டியைத் தாக்கிய செய்திகளும் வந்தன. அவ்வாண்டு டிசெம்பரிலேயே மணிக்கட்டு வாரை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது! விற்பனையோ 10 கோடியைக் கடந்தது.

ஆயின், மனிதனுடைய கை சோம்பலிலும் வல்லது. அம்முதற் கோல் வீச்சின் வேகத்தை அறிந்ததேயன்றி, கை சென்ற வழியைச் செவ்வனே அறியவில்லை. தோளிலிருந்து வீசுவதும் மணிக்கட்டைச் சற்றே வெட்டுவதும் அதற்கு ஏறத்தாழ ஒன்றே. இதனைக் கண்டுகொண்ட ஆட்டக்காரர் நாற்காலியிற் சாய்ந்தபடியே வென்றனர். 2009இல் திருப்பத்தை அளக்கும் துணைக்கருவி சேர்ந்தபின் நுட்பம் மிகுந்தது உண்மையே. ஆனால், எவரும் எண்ணாதபோது முழுவீச்சாக வீசும் மாணவன், எண்ணும் பொறி வந்ததும் வீச்சைக் குறுக்கிக்கொள்வதை என்னென்பது? இதனைப் பொறியின் குற்றமென்று மட்டும் யான் கொள்ளேன்.

2010 நவெம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட 'கினெக்ட்' கோலையும் ஒழித்தது. கண்ணுக்குப் புலனாகாத ஒளிப்புள்ளிகளை அறையெங்கும் தூவி, அவை விழும் இடங்களின் பெயர்ச்சியினால் தூரத்தைக் கணித்து, ஆடுபவரின் மூட்டுக்களை அது இனங்கண்டது. வியத்தகு செயலே. முதல் 60 நாள்களில் 80 இலட்சம் விற்பனையாயின. ஆனால், ஆறடி விலகி நிற்க அறையிலே இடம் வேண்டும். கை அசைந்தபின் திரை அசையச் சிறிது தாமதமுண்டு. பற்றுதற்கு ஒன்றுமில்லாத கை மோட்டார் வண்டியின் சுக்கானைத் திருப்பவும் வேண்டும். 2013இல் 'எக்ஸ்பொக்ஸ் வன்' உடன் கட்டாயமாகச் சேர்த்து விற்கப்பட்ட கினெக்ட் மறு ஆண்டே பிரிக்கப்பட்டது. 2017இல் உற்பத்தி நின்றது.

சொன்ன சொல் முழுதும் நிறைவேறவில்லை என்பதே என் துணிபு. பொறி காணத் தவறியதிலும், மறுமொழி கூறத் தவறியதே பெரிது. பந்து மட்டையிற் படும்போது கைக்கு ஒரு செய்தி வருகின்றது. சிறு அதிர்வொன்று அதற்கு ஈடாகாது. பரத நாட்டிய அரங்கிலே பூக்கொய்பவளின் கையிலும் பூ இல்லையே எனலாம். அங்கே அவ்வெறுமையை நிறைப்பது காண்போர் உள்ளம். (மெய்ப்பாட்டுக்கு ஓர் இயலே வகுத்த தொல்காப்பியர், மெய்யை மட்டும் அளக்கும் இப்பொறியைக் கண்டால் என் சொல்வாரோ!)

எனினும் கையின் வெறுமை குறையாகாத ஆட்டங்களும் உள. நடனம் அத்தகையது. 2019இல் நின்டெண்டோ வெளியிட்ட 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' என்னும் உடற்பயிற்சி ஆட்டம், அழுத்தினால் எதிர்த்து நிற்கும் மெய்யான வளையமொன்றைக் கையிலே தந்தது. 2018இல் வெளிவந்த 'பீட் சேபர்' என்னும் ஆட்டத்திலோ, இசைக்கேற்பப் பறந்துவரும் கட்டைகளை ஒளிவாள்களால் வெட்டவேண்டும். ஒளிக்கு எடையில்லையாதலின் கை எதனையும் இழந்ததாக எண்ணுவதில்லை. அன்றியும், வெட்டுமுன் வாள் வந்த கோணத்துக்கும் வெட்டியபின் தொடர்ந்த கோணத்துக்கும் அங்கே தனித்தனியே புள்ளி உண்டு. மணிக்கட்டை மட்டும் வெட்டுபவனுக்குக் குறைந்த புள்ளியே கிடைக்கும்.