மீந்த மருந்து வேண்டாமே!

போன மாதம் திருமங்கலத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மூன்று வயதுப் பையனுக்கு ஜலதோஷம், லேசான காய்ச்சல்.

"மதினி, போன தடவை டாக்டர் எழுதின செஃபிக்ஸிம் சிரப் பாதி மீந்திருக்கு. அதையே கொடுத்திடவா?" என்றாள்.

"வேண்டவே வேண்டாம்!" என்று பாட்டிலை வாங்கி வைத்தேன். முன்பு என் மகளுக்கு நானே இப்படிக் கொடுத்து, சளி குறையாததோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்து, மூன்று நாள் தவித்தவள் ஆயிற்றே!

அப்போது டாக்டரம்மா சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். செஃபிக்ஸிம், செஃபலோஸ்போரின் வகை மருந்து. அது பாக்டீரியாவைக் கொல்லும்; ஜலதோஷமோ வைரஸால் வருவது. அதனிடம் பலிக்காது. வயிற்றிலுள்ள நல்ல கிருமிகள்தான் அழியும்.

தண்ணீர் கலந்த சிரப்பை லேபிளில் போட்ட நாளுக்கு மேல் வைக்காதீர்கள். குழந்தைக்கு அளவு, எடையைப் பார்த்துத்தான். பெரியவர்கள் மாத்திரையை ஒடித்துக் கொடுக்கக் கூடாது. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

2014 மார்ச் முதல் இதைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். கடைக்கே அத்தனை கட்டுப்பாடு என்றால், நம் வீட்டு அலமாரிக்கு வேண்டாமா?

பையனை டாக்டரிடம் காட்டினோம். ஆன்டிபயாடிக் எழுதவில்லை. கஞ்சி, வெந்நீர், ஓய்வு. நாலாம் நாள் முற்றத்தில் ஓடி விளையாடினான்!