பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு: விலையைக் கேட்கும் முன் நம்பரைப் பாருங்கள்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்கு இப்போது கார் ஆசை வந்திருக்கிறது. இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பண்டிகை நாட்களில் ஆம்னி பஸ் கட்டணமோ நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் கையைக் கடிக்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வயதான தாயாரை மழை நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக இருசக்கர வாகனம் உதவாது. புதுக் காரின் விலையோ எட்டவில்லை. ஆகவே கண் பழைய கார் மேல் போகிறது.

ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்பது மாதச் சம்பளக்காரருக்குச் சிறு தொகை அல்ல. சீட்டுப் பணம், பி.எப். கடன், சில வீடுகளில் மனைவியின் வளையல் என்று பல இடங்களிலிருந்து சேர்ந்து வரும் பணம் அது. அந்தப் பணத்துக்கு ஓடும் கார் கிடைக்குமா, ஓயாத தொல்லை கிடைக்குமா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. காரில் இருப்பது எந்த மாநில நம்பர்? தாள்கள் ஒழுங்காக நம் பெயருக்கு வருமா? வாங்கிய பிறகு அதைக் கட்டி ஆள நம்மால் முடியுமா? பெயின்டின் பளபளப்பும் பாட்டுப் பெட்டியும் இவற்றுக்குப் பிறகுதான்.

பணத்தைப் பங்கிடுங்கள்

கையில் 2 லட்சம் இருந்தால் 2 லட்சத்துக்குக் கார் பார்க்கக் கூடாது. ஒன்றரை லட்சத்துக்குத்தான் பார்க்க வேண்டும். மீதிப் பணம் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பாட்டரி, டயர், முதல் சர்வீஸ் ஆகியவற்றுக்குத் தேவைப்படும். பழைய காரை விற்பவர் பெரும்பாலும் டயர் மாற்ற வேண்டிய நேரத்தில்தான் விற்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

மாதச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுவதாகவும், நகர நெரிசலில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைப்பதாகவும் கொண்டால் 31 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 3,100 ரூபாய் ஆகிறது. இன்சூரன்ஸிலும் என்ஜின் அளவைப் பொறுத்து வித்தியாசம் உண்டு. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு 1,000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. பெரிய காரைச் சல்லிசாக வாங்கியவர் பின்னால் திணறுவது இதனால்தான். விற்கும்போது காரின் விலை குறையுமே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை.

விலை பேசும்போது, விற்பவர் அன்று கொடுத்த விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். இன்று அதே ரகப் புதுக் கார் என்ன விலை என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 1,200 சி.சி.க்கும் 4 மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் விலையும் இறங்க வேண்டியதுதான் நியாயம். இதைச் சொல்லிப் பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

எந்தக் கார்?

1983 டிசம்பரில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி காரின் சாவியை வழங்கினார். அன்று தொடங்கிய மாருதி 800, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும் வரை நடுத்தரக் குடும்பத்தின் காராகவே இருந்தது. அதன் வழியில் வந்தவை ஆல்டோவும் வேகன் ஆரும். சிக்கனம் பார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை இவையே. ஏனெனில் இவற்றைத் திறந்து பார்க்கத் தெரியாத மெக்கானிக் இல்லை, ஜே.சி. ரோடு கடைகளில் இவற்றின் சாமான் கிடைக்காத நாளும் இல்லை. நடுவழியில் கிருஷ்ணகிரியிலோ வாணியம்பாடியிலோ நின்றுவிட்டாலும் அங்கேயே சரி செய்துகொள்ளலாம். உயரமாக ஏறி இறங்க வசதி வேண்டும் என்கிற பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வேகன் ஆர் பொருத்தம். ஹூண்டாய் சான்ட்ரோவும் ஈயானும் நல்ல கார்களே. ஆனால் ஈயான் 2019-லும், சான்ட்ரோ 2022-லும் உற்பத்தி நின்றவை. வாங்கும் முன் உங்கள் மெக்கானிக்கிடம் சாமான் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்ட கம்பெனிகளின் கார்கள் சந்தையில் மலிவாக வரும். செவ்ரலே 2017 இறுதியிலும், டட்சன் 2022-லும் விற்பனையை நிறுத்தின. போர்டு 2021 செப்டம்பரில் இங்கு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்தக் கார்கள் மோசம் என்று அர்த்தமல்ல. ஒரு சாமானுக்காக வாரக் கணக்கில் காத்திருக்க முடிந்தவருக்கு அவை சரி. காரை நம்பியே இருப்பவருக்குச் சரிப்படாது.

டீசல் கார் தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கே லாபம். நகரத்துக்குள் கொஞ்சமாக ஓட்டுபவருக்குப் பெட்ரோலே போதும். காஸ் பொருத்திய கார் என்றால், அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா, சிலிண்டர் சோதனை உரிய காலத்தில் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

எந்த மாநில நம்பர்?

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஊரில் சித்தப்பா தன் காரை 30,000 ரூபாய் குறைத்துத் தருகிறார். அல்லது ஓசூரில் டி.என். 70 நம்பர் கார் ஒன்று மலிவாக வருகிறது. சொந்தக்காரர், தெரிந்த கார் என்று வாங்கி வந்துவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவோ, ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது. அதற்கு முதலில் பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., பெற வேண்டும். பிறகு இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். வாகன வரி அதிகமாக உள்ள மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். அதற்குத் தனி மனு, தனி அலைச்சல். சித்தப்பா குறைத்த 30,000 ரூபாய் இதில் கரைந்துபோகும்.

ஆகவே இங்கேயே குடியிருந்து இங்கேயே ஓட்டப்போகிறவர், சற்று விலை கூடினாலும் கே.ஏ. நம்பர் காரைப் பார்ப்பதே நலம். வெளி மாநிலக் காரைத்தான் வாங்குவது என்றால், வரி எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்து, அதைக் காரின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். பெயர் மாற்றத்துக்கு முகவரிச் சான்று வேண்டும். நம்மில் பலருடைய ஆதாரில் இன்னும் ஊர் முகவரியே இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை முறையாக எழுதி, முகவரியை மாற்றிக்கொண்ட பிறகு கார் தேடுவது புத்திசாலித்தனம்.

காரைப் பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில், காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகம் கொள்ளலாம். சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள், செலவு பெரிது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் போல் வெளுத்த பசை அதிகமாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். பட்டன் தேயாமலே வயதால் கெட்டுப்போன டயர்கள் உண்டு. மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்ப வேண்டாம். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். கதவு, பானெட் இடைவெளிகள் இருபுறமும் ஒரே அளவாக இருக்கின்றனவா, போல்ட்களில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறதா என்று கவனித்தால் விபத்துக்குப் பின் டிங்கரிங் செய்த வண்டி தெரிந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். சென்னையில் 2015-லும் 2023-லும், பெங்களூரில் 2022-லும் கார்கள் தண்ணீரில் நின்றதை மறந்துவிடக் கூடாது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். மிதியடிக்கு அடியில், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துருவும் வண்டலும் உண்டா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். வேகத்தடையில் ஏறும் சத்தம், கியர் விழும் விதம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தைக் கண்டவர்களுக்குப் பிரேக்கின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக, விற்பவருக்குத் தெரியாத உங்கள் மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். வீண் செலவு அல்ல அது.

தாள்களே முக்கியம்

மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு விவரம், இன்சூரன்ஸ், கடன், அபராதம் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆர்.சி.யில் பாங்க் கடன் பதிவாகியிருந்தால், பாங்க்கின் சான்றும் 35-ம் எண் படிவமும் கொடுத்து அது நீக்கப்பட வேண்டும். 'கடன் கட்டி முடித்தாகிவிட்டது' என்ற வாய்வார்த்தை போதாது.

கார் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு சோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரியும் சேரும். 13, 14 வயதுக் கார் ஏன் மலிவாக வருகிறது என்பது இப்போது புரியும்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது நம்மிடையே சகஜமாக இருக்கிறது. இது இருவருக்கும் ஆபத்து. பல கை மாறிய ஒரு காரால் ஏற்பட்ட விபத்து வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தாங்கள் வைத்திருந்த பழைய வண்டியை விற்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்குபவருக்கு வேறு நஷ்டம். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்றாவிட்டால், காருக்குச் சேதம் ஏற்படும்போது பணம் கிடைக்காது. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே. அந்தத் தொகை தேவைப்படும் நாளில் மனு எழுதப்போவது நாம் அல்ல, நம் குடும்பம். விற்பவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' நமக்கு வராது. அது காரைச் சேர்ந்ததல்ல, ஆளைச் சேர்ந்தது.

கமிஷன் கடையில் வாங்கினால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற கடையா என்று கேளுங்கள். பணத்தை பாங்க் வழியாகவே கொடுங்கள். பெயர் மாற்றம் முடியும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். காரை ஒப்படைத்த தேதி மட்டுமல்ல, மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதற்கு முந்தைய அபராதம் அவருடையது, பிந்தையது உங்களுடையது. பழைய பாஸ்டாகை அவர் முடித்துக்கொள்ள, நீங்கள் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

'இன்று மாலைக்குள் முடிக்காவிட்டால் வேறு பார்ட்டி வந்துவிடும்' என்று தரகர் அவசரப்படுத்துவார். வரட்டும். ஆல்டோவுக்கும் வேகன் ஆருக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று வரும். தாள் சரியில்லாத நல்ல காரை விட, தாள் சரியாக உள்ள சுமாரான கார் மேல். என்ஜினை மெக்கானிக் சரி செய்துவிடுவார்; தாளைச் சரி செய்ய, விற்றவரைத் தேடிக்கொண்டு நாம்தான் அலைய வேண்டும்.