ஓடுபாதை எவ்வளவு தேவை? சிறிய விமானங்களின் உயிர்க் கணக்கு

புது தில்லி: தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டால் தில்லி விமான நிலையத்தில் தனியார் விமானங்கள் நிறுத்தப்படும் பகுதி களைகட்டிவிடும். ஒரே நாளில் மூன்று ஊர்களில் பொதுக்கூட்டம், நான்காவது ஊரில் இரவுத் தங்கல் எனத் தலைவர்களின் பயணத் திட்டம் வகுக்கப்படும். அந்த ஊர்களில் பலவற்றில் பெரிய விமானம் இறங்க வழியில்லை. இரண்டு என்ஜின்கள் கொண்ட சிறிய விமானங்கள்தான் கைகொடுக்கும்.

புறப்படும் நேரத்தில் வழக்கமாக ஒரு கேள்வி எழும். "இன்னும் ஒருவர்தானே, ஏறிக்கொள்ளட்டுமே?" கேட்பவருக்கு அது ஓர் இருக்கை பற்றிய கேள்வி. விமானிக்கோ அது ஓடுபாதையின் நீளம், அன்றைய வெயில், டாங்கில் உள்ள எரிபொருள், ஓர் என்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பவை அனைத்தும் அடங்கிய கணக்கு. அதற்கான விடை விமானத்தின் கையேட்டில் அட்டவணையாகவும் வரைபடமாகவும் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எண்களுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பும் ஆபத்தும் இருக்கின்றன என்பது பயணிகளில் பலருக்குத் தெரியாது.

எப்படி அளக்கிறார்கள்?

விமானம் புறப்படத் தேவையான தூரம் என்பது சக்கரங்கள் தரையை விட்டு எழும் இடம் வரையிலான தூரம் மட்டுமல்ல. பிரேக்கை விடுவித்த இடத்திலிருந்து, தரைக்கு மேல் 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் உயரத்தை எட்டும் வரை கடக்கும் தூரமே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஓடுபாதையின் முடிவில் ஒரு மரமோ மதிற்சுவரோ இருந்தால் அதைத் தாண்ட வேண்டும் அல்லவா?

புதிய விமானம் ஒன்றுக்கு இந்தத் தூரத்தைக் கண்டறிய, முதலில் விமானத்தை எடை போடுகிறார்கள். பயணிகளுக்குப் பதிலாக ஈயக் கட்டிகளையோ மணல் மூட்டைகளையோ ஏற்றி, வேண்டிய எடைக்குக் கொண்டு வருகிறார்கள். காற்று அடங்கியிருக்கும் அதிகாலை வேளையும், ஈரமில்லாத ஓடுபாதையும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரு முறை ஓடினால் போதாது. ஒரே எடையில் பல முறை ஓட வேண்டும். ஓடுபாதையின் சரிவும் காற்றின் திசையும் கணக்கைக் குழப்பாமல் இருக்க, இரு திசைகளிலும் ஓட்டிப் பார்ப்பதுண்டு.

முன்பு ஓடுபாதையின் ஓரத்தில் கேமராக்களை நிறுத்தி, விமானம் எந்த விநாடியில் எங்கே இருந்தது என்பதைப் படச்சுருளிலிருந்து அளந்தார்கள். இப்போது செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவி விமானத்தின் இடத்தையும் உயரத்தையும் மிகத் துல்லியமாகப் பதிவு செய்கிறது. வேகம், என்ஜின் விசை, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவையும் உடனுக்குடன் பதிவாகின்றன. பின்னர் அந்த அளவுகள் அனைத்தும் கடல் மட்டம், 15 டிகிரி செல்சியஸ், காற்றில்லாத நிலை என்ற பொது நிலைக்கு மாற்றப்படுகின்றன. அதிலிருந்து மற்ற உயரங்களுக்கும் வெப்பநிலைகளுக்கும் உரிய அட்டவணை தயாராகிறது.

வெயிலும் மலையும்

அட்டவணை ஏன் இத்தனை பக்கங்கள் நீள்கிறது என்பதற்கு இந்தியாவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்க முடியாது. வெப்பம் கூடினால் காற்று அடர்த்தி குறைகிறது. மலை மேல் ஏறினாலும் அப்படியே. அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கை போதுமான தூக்குவிசையைப் பெற விமானம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். அதே காற்றைத்தான் என்ஜினும் சுவாசிக்கிறது என்பதால் அதன் விசையும் குறைகிறது. புரொப்பெல்லரும் முழு இழுவிசையைத் தருவதில்லை. தேவை கூடும்போதே திறன் குறைகிறது.

தில்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 780 அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதப் பிற்பகலில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொடும்போது, விமானத்தைப் பொருத்தவரை அது சுமார் 4,500 அடி உயர மலைவாசத்தலமாக மாறிவிடுகிறது. லே விமான நிலையம் 10,600 அடிக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. அங்கு வெப்பநிலை 25 டிகிரியாக இருந்தால், விமானம் 14,000 அடிக்கு மேல் நின்றுகொண்டிருப்பதற்குச் சமம். லேயில் விமானங்கள் பெரும்பாலும் காலை நேரத்திலேயே வந்து செல்வதற்குப் பிற்பகல் காற்றோடு இந்த வெப்பமும் காரணம்.

சிறிய விமானங்களின் விமானிகளுக்குப் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் எளிய வழிகாட்டுதல் ஒன்றை வகுத்துள்ளது. எடை 10 சதவீதம் கூடினால் புறப்பாட்டுத் தூரம் 20 சதவீதம் கூடும். உயரம் ஒவ்வோர் 1,000 அடிக்கும் 10 சதவீதம், வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 10 சதவீதம். இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை. பெருக்கப்படுகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கடல் மட்டத்தில், 15 டிகிரியில், 600 மீட்டரில் புறப்படும் சிறிய விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிம்லாவின் ஜுப்பர்ஹட்டி விமான நிலையம் சுமார் 5,000 அடி உயரத்தில் உள்ளது. உயரத்தின் காரணமாகவே 600 மீட்டர் என்பது ஏறக்குறைய 965 மீட்டராகிவிடும். அந்த உயரத்துக்குரிய இயல்பான வெப்பநிலை 5 டிகிரி. கோடையில் 30 டிகிரி இருந்தால் தூரம் 1,220 மீட்டரைத் தாண்டும். அங்குள்ள ஓடுபாதையின் நீளமோ சுமார் 1,200 மீட்டர்தான். இந்த நிலையில் 10 சதவீத எடையைக் கூட்டினால் 1,470 மீட்டர் தேவைப்படும். "இன்னும் ஒருவர்தானே" என்ற கேள்விக்கு ஓடுபாதை அளிக்கும் பதில் இது.

சிம்லாவில் 2012-ல் நின்றுபோன பயணிகள் விமான சேவை, உடான் திட்டத்தின் முதல் சேவையாக 2017 ஏப்ரல் 27-ல் மீண்டும் தொடங்கியது. 40-க்கும் அதிகமான இருக்கைகள் கொண்ட ஏடிஆர்-42 விமானம் அங்கிருந்து திரும்பும்போது பல இருக்கைகளைக் காலியாக விட்டே புறப்பட வேண்டியிருந்தது. பயணிகள் இல்லாததால் அல்ல, எடைக் கட்டுப்பாட்டால். டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலி இருக்கைகள்தான் கணக்கு முறையாகப் போடப்படுகிறது என்பதற்குச் சான்று.

இரண்டில் ஒன்று போனால்

இரட்டை என்ஜின் விமானம் என்றால் ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும் என்ற நம்பிக்கை பொதுவாக உள்ளது. வானில் உயரத்தில் பறக்கும்போது அது பெருமளவு உண்மை. புறப்படும் நேரத்தில், குறிப்பாகச் சிறிய விமானங்களில், அது பாதி உண்மை மட்டுமே.

இரு என்ஜின்களும் சேர்ந்து தரும் விசையை 100 என்று கொள்வோம். உயரம் குறையாமல் பறக்க மட்டும் 40 தேவை என்றால், மீதமுள்ள 60-தான் விமானத்தை மேலே தூக்குகிறது. ஓர் என்ஜின் நின்றால் கையில் இருப்பது 50. அதில் 40 போக மேலே ஏற மீதம் 10 மட்டுமே. விசையில் பாதிதான் போயிற்று. ஆனால் மேலேறும் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. சக்கரங்களை உள்ளிழுக்கத் தாமதமானாலோ, நின்ற என்ஜினின் புரொப்பெல்லர் தகடுகளைக் காற்றுக்கு இணையாகத் திருப்பாவிட்டாலோ அந்த 10-ம் மிஞ்சாது.

2,722 கிலோ வரை எடையுள்ள, மெதுவான வேகத்திலும் தாங்கி நிற்கக்கூடிய இரட்டை என்ஜின் விமானங்கள் ஒரே என்ஜினில் மேலேறியே தீர வேண்டும் என்று அமெரிக்க விதிகள் நீண்ட காலமாகக் கட்டாயப்படுத்தவில்லை. மேலேறுமா, கீழிறங்குமா என்பதை அளந்து கையேட்டில் குறிப்பிட்டால் போதும் என்பதே விதி. அதாவது, இறங்கும் என்று எழுதியிருந்தாலும் அந்த விமானம் சட்டப்படி பறக்கலாம்.

எனவேதான் சோதனை விமானிகள் வேறு இரண்டு அளவுகளையும் எடுக்கிறார்கள். முடிவெடுக்க வேண்டிய வேகம் வரை விமானத்தை விரைவுபடுத்தி, ஓர் என்ஜின் செயலிழந்ததாகக் கொண்டு, பிரேக் போட்டு முழுவதுமாக நிறுத்த எவ்வளவு தூரம் ஆகிறது என்பது ஒன்று. ஒரே பக்கத்து என்ஜின் இழுக்கும்போது விமானம் மறுபக்கம் திரும்பிக் கவிழாமல் சுக்கானால் கட்டுப்படுத்தக்கூடிய மிகக் குறைந்த வேகம் எது என்பது மற்றொன்று. அந்த வேகத்துக்குக் கீழே போனால் ஓடும் என்ஜினே விமானத்தைப் புரட்டிவிடும். இதைக் கண்டறிய, என்ஜினை வேண்டுமென்றே நிறுத்தி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கட்டுப்பாடு நழுவும் விளிம்பு வரை செல்ல வேண்டும்.

சரஸ் சொல்லும் பாடம்

இந்தியா தானே உருவாக்க முனைந்த இரட்டை என்ஜின் பயணிகள் விமானம் சரஸ். பெங்களூரில் உள்ள தேசிய விமானவியல் ஆய்வகம் வடிவமைத்த 14 இருக்கை விமானம் இது. அதன் முதல் மாதிரி 2004 மே 29-ல் பறந்தது. திட்டமிட்டதை விட எடை கூடிவிட்டது என்பதே அதன் முக்கியக் குறை. எடை கூடினால் என்ன ஆகும் என்பதை மேலே கண்டோம். 2007 ஏப்ரல் 18-ல் பறந்த இரண்டாவது மாதிரியில் 850 குதிரைத்திறன் என்ஜின்களுக்குப் பதிலாக 1,200 குதிரைத்திறன் என்ஜின்கள் பொருத்தப்பட்டன.

2009 மார்ச் 6-ல் அந்த இரண்டாவது மாதிரி, வானில் ஓர் என்ஜினை நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனையின்போது பெங்களூரை அடுத்த பிடதி அருகே விழுந்து நொறுங்கியது. விமானப்படையைச் சேர்ந்த விங் கமாண்டர்கள் பிரவீண் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் உயிரிழந்தனர். மீண்டும் இயக்குவதற்காக வகுக்கப்பட்ட செயல்முறை தவறானது. அது போதிய உயரமில்லாத நிலையில் கையாளப்பட்டது. புரொப்பெல்லர் தயாரிப்பாளரைக் கலந்து ஆலோசிக்காமலே அது வகுக்கப்பட்டது என்று விசாரணை அறிக்கை கூறியது. முடங்கிப்போன திட்டம் உயிர்பெற்று, மேம்படுத்தப்பட்ட மாதிரி 2018 ஜனவரி 24-ல் மீண்டும் பறந்தது. இப்போது 19 இருக்கைகள் கொண்டதாக அது மறுவடிவமைப்பு பெற்றுள்ளது.

கையேட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணும் இத்தகைய மனிதர்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட ஆபத்தின் விளைவு. அந்த எண்ணை அலட்சியப்படுத்துவது அவர்களின் உழைப்பை அலட்சியப்படுத்துவதாகும்.

எண் மட்டும் போதாது

அட்டவணை சரியாக இருந்தாலும் மனிதத் தவறுக்கு அது மருந்தாகாது. 2015 டிசம்பர் 22-ல் தில்லியிலிருந்து ராஞ்சிக்குப் புறப்பட்ட எல்லைப் பாதுகாப்புப் படையின் சூப்பர் கிங் ஏர் விமானம், சில விநாடிகளிலேயே துவாரகா அருகே விழுந்ததில் அதிலிருந்த 10 பேரும் உயிரிழந்தனர். விமானம் பழையது என்ற பேச்சு உடனே எழுந்தது. ஆனால் மூடுபனியில், போதிய உயரத்தை எட்டும் முன்பே தானியங்கிக் கருவியை முறையாக அமைக்காமல் இயக்கியதும், விமானம் இடப்புறம் சாய்ந்துகொண்டே போனதைத் திருத்தாததுமே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. தரையை விட்டு எழுந்த பின் வரும் அந்தச் சில விநாடிகளில், தவறுக்கு இடமளிக்கும் உயரமும் வேகமும் சிறிய விமானத்திடம் இருப்பதில்லை.

நாடாளுமன்றத்தின் கவனத்துக்கு

சிறிய விமானங்களின் பாதுகாப்பு நாடாளுமன்றத்துக்கு அயலான விஷயமல்ல. மக்களவையில் காங்கிரஸ் துணைத் தலைவராக இருந்த மாதவராவ் சிந்தியா, 2001 செப்டம்பர் 30-ல் கான்பூர் பொதுக்கூட்டத்துக்குச் செல்லும் வழியில் மெயின்புரி அருகே நடந்த சிறிய விமான விபத்தில் இறந்தார். அவருடன் பத்திரிகையாளர்களும் உயிரிழந்தனர். 1993-ல் குத்தகை விமானம் ஒன்று தில்லியில் விபத்துக்குள்ளானபோது, உயிரிழப்பு இல்லாதபோதும் விமானப் போக்குவரத்து அமைச்சர் பதவியிலிருந்து விலகியவர் அவர்.

1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் புதிதாகிவிட்டது, அதைச் செயல்படுத்தும் கைகள் போதுமான அளவில் இல்லை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் சுட்டிக்காட்டியது. பெரிய நிறுவனங்களின் விமானங்களைக் கண்காணிக்கவே ஆள் போதாத நிலையில், மாவட்டத் தலைநகரங்களில் உள்ள சிறிய ஓடுதளங்களில் எடைப் பட்டியல் சரிபார்க்கப்படுகிறதா என்று யார் பார்ப்பது?

உடான் திட்டத்தால் சிறிய ஊர்களின் ஓடுதளங்கள் உயிர்பெறுகின்றன. கான்பூரில் தயாராகும் டோர்னியர்-228 விமானம் 2022 ஏப்ரல் 12 முதல் திப்ரூகர் - பாசிகாட் தடத்தில் பயணிகளை ஏற்றிச் சென்றது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. ஆனால் ஓடுபாதை குறுகக் குறுக, கணக்கின் முக்கியத்துவம் கூடிக்கொண்டே போகும்.

"இடமில்லை" என்று விமானி சொன்னால் அவரது வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. எடைப் பட்டியலில் கையெழுத்திடும் அதிகாரம் அவருடையது என்றால், ஒருவரை இறக்கிவிடும் அதிகாரமும் அவருடையதே. அந்த ஒருவர் அமைச்சரின் உதவியாளராக இருந்தாலும் சரி, அமைச்சராகவே இருந்தாலும் சரி, ஓடுபாதையின் நீளம் மாறப்போவதில்லை.

சோதனை விமானிகள் அதிகாலையில் மணல் மூட்டைகளை ஏற்றி, திரும்பத் திரும்ப ஓடி அளந்து தந்த கணக்கு அது. அதற்குக் கட்டுப்படுவதில் யாருக்கும் மரியாதைக் குறைவில்லை.