இளைப்புக்குள் ஒளிந்திருக்கும் இரும்புக் குறை

பெரியம்மா வீட்டில் தெருக்குழாய்க்கும் அடுக்களைக்கும் நடுவில் முப்பது அடிகூட இருக்காது. செய்யாறு பக்கத்துக் கிராமம். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடத்தோடு அந்த வழியில் பல வருடம் நடந்தவர். போன ஆடி மாதம் நான் போயிருந்தபோது, அரைக் குடம் தண்ணீரோடு திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"பம்பு எடுத்தியா பெரியம்மா?" மூச்சுக்கு இழுக்கும் இன்ஹேலரைத்தான் கேட்டேன்.

"காலையிலயே எடுத்துட்டேன்டா, ரெண்டு வாட்டி. மூச்சு உள்ள போவுது. ஒடம்புக்குத்தான் பத்தல."

அந்தப் பதிலை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. சில மாதம் கழித்து ஓர் இளம் டாக்டர் சொன்ன விஷயத்தை, பெரியம்மா அன்றைக்கே திண்ணையில் சொல்லிவிட்டிருந்தார்.

பெரியம்மா பீடி, சிகரெட் பக்கம் போனவரில்லை. முப்பது வருடம் இட்லிக்கடை நடத்தினார். விடிகாலை நாலு மணிக்கு வேலிகாத்தான் விறகை வைத்து அடுப்பு மூட்டுவார். ஓலைக் கொட்டகைக்குள் புகை முட்டி நிற்கும். கேஸ் அடுப்பு வந்தபோது நுரையீரல் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. குழாயில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்து, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். டாக்டர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் அதிக உயிர்களைப் பறித்த நோய்களில் மாரடைப்புக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இது பீடி குடிக்கும் ஆண்களின் நோய் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து, விறகடுப்புப் புகைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைச் சென்னை ஆய்வாளர்கள் 2011-லேயே எழுதிவிட்டார்கள்.

ஊரில் இதற்குப் பெயர் இளைப்பு. மூச்சு வாங்குவதும் இளைப்பு, களைத்துப்போவதும் இளைப்பு. உடம்பு மெலிந்தால் இளைத்துவிட்டாள் என்கிறோம். மூன்றுக்கும் ஒரே வேர். நோயாளியின் அனுபவத்துக்கு இந்தச் சொல் மிகவும் நெருக்கமானது. ஆனால் வைத்தியத்தில் இதுவே ஒரு பொறியாகவும் ஆகிவிடுகிறது. மூச்சுக்குழாய் அடைத்தாலும் இளைக்கும், ரத்தத்தில் இரும்பு குறைந்தாலும் இளைக்கும். ஏற்கெனவே நுரையீரல் நோய் என்று சீட்டில் எழுதிவிட்டால், பிறகு வருகிற ஒவ்வோர் இளைப்பும் அதன் கணக்கிலேயே சேர்ந்துவிடும். பெரியம்மாவுக்கும் அதுதான் நடந்தது. பம்ப் மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், இரண்டு முறை ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். தண்ணீர்க் குடம் அரையிலிருந்து காலாகக் குறைந்தது.

அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதனால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த வரியில், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 38. பக்கத்திலேயே பத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் வரை நார்மல் என்று லேபில் அச்சடித்திருக்கிறார்கள். அளவு தப்பினால் தடித்த எழுத்தில் வரும். இது மெல்லிய எழுத்தில் வந்ததால் கண்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன. இளம் டாக்டர் அந்த 38-ஐப் பேனாவால் வட்டமிட்டு, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இன்னொரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். 11 சதவிகிதம் வந்தது. 20-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும்.

நார்மல் என்று அச்சடித்தது எப்படிப் பொய்யானது? கொஞ்சம் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் உடம்பில் இருக்கும் இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம். ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துத் தசைக்குக் கொண்டுபோவது இந்த இரும்புதான். தசைக்குள்ளும் இரும்பு வேண்டும். வந்த ஆக்சிஜனை வாங்கி வைக்கும் மயோகுளோபினிலும் அது இருக்கிறது, செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் நொதிகளிலும் இருக்கிறது. எனவே ரத்தசோகை வருவதற்கு முன்பே, ஹீமோகுளோபின் எண் நன்றாக இருக்கும்போதே, தொடைத்தசை சோர்ந்துவிடக்கூடும். மூச்சு உள்ளே போகிறது, உடம்புக்குத்தான் பத்தவில்லை என்று பெரியம்மா சொன்னது இதைத்தான்.

சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாம் உறிஞ்சும் இரும்பு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். புதிய ரத்த அணுக்கள் உருவாக தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். 120 நாள் உழைத்து ஓய்ந்த பழைய அணுக்களை உடைத்து, அவற்றின் இரும்பை மீண்டும் எடுத்துத்தான் உடம்பு ஈடுகட்டுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆளுகிற ஹார்மோன் கல்லீரலில் சுரக்கிறது, பெயர் ஹெப்சிடின். இதைக் கண்டுபிடித்து இன்னும் 30 வருடம் ஆகவில்லை. குடல் செல்லிலிருந்தும் சேமிப்புச் செல்லிலிருந்தும் இரும்பு வெளியே வருகிற கதவை இது பூட்டிவிடும். கிருமிகள் வளரவும் இரும்பு வேண்டும் என்பதால், உடம்பில் அழற்சி இருக்கும்போது ஹெப்சிடின் கூடும். காய்ச்சல் கண்ட நாலு நாளுக்கு இது நல்ல தற்காப்பு. நாள்பட்ட நுரையீரல் நோயிலோ அழற்சி அணையாத தணலாகப் பல வருடம் கனிந்துகொண்டே இருக்கும். பத்தாயம் நிறைய நெல் இருந்தும், சாவி தொலைந்த வீட்டில் உலை வைக்க முடியாமல் போகிற கதைதான்.

ஃபெரிட்டின் என்பது அந்தப் பத்தாயம். இன்னொரு சிக்கல், அழற்சி இருந்தால் உள்ளே இருக்கிற நெல்லுக்குச் சம்பந்தமில்லாமல் ஃபெரிட்டின் அளவு தானாகவே ஏறும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் இரும்புக் குறை என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு அந்த அளவை 70 என்று உயர்த்தி 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. லேபில் அச்சாகிற அளவு எல்லோருக்கும் பொதுவானது. பெரியம்மாவின் 38 அவருடைய நோயோடு சேர்த்துப் பார்த்தால் குறைதான்.

ஹீமோகுளோபின் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? விரலில் மாட்டும் கருவியில் பெரியம்மாவுக்கு ஆக்சிஜன் 90, 91 என்றுதான் நிற்கும். ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு கூடுதலாக ரத்த அணுக்களை உண்டாக்கப் பார்க்கும். இப்படிப்பட்டவருக்கு 14, 15 இருப்பதுகூட இயல்பு. இருக்கிற இரும்பையெல்லாம் சுரண்டி அந்த உடம்பு எட்டிப்பிடித்த எண்தான் 12.1. 2015-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் 18 சதவிகிதம் பேருக்கு இரும்புக் குறை இருந்தது; நோய் இல்லாதவர்களில் அது 5 சதவிகிதம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53.4 சதவிகிதம் பேருக்கு, ரத்தசோகை. அந்தக் குறையைச் சுமந்துகொண்டுதான் நம் பெண்கள் முதுமைக்குள் நுழைகிறார்கள், அடுப்புப் புகையையும் சேர்த்து.

என்னை வியக்கவைத்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். பெரு நாட்டில் செர்ரோ டி பாஸ்கோ என்ற சுரங்க நகரம் இருக்கிறது, 4,340 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு என்பதால், நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2008-ல், கடல்மட்டத்தில் வாழும் ஆரோக்கியமான 22 பேரை அங்கே கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் சிலருக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றியதும், ஏறியிருந்த அழுத்தத்தில் சுமார் 40 சதவிகிதம் இறங்கியது. நாள்பட்ட மலைநோய் கண்ட 11 உள்ளூர்க்காரர்களுக்கு ரத்தம் எடுத்து இரும்பைக் குறைத்தபோது அழுத்தம் ஏறியது. ஆக்சிஜன் அளவை உணரும் நொதிகள் வேலைசெய்ய இரும்பு வேண்டும். அது குறைந்தால், ஆக்சிஜன் இருக்கும்போதும் செல் திணறுவதுபோல் நடந்துகொள்ளும். நுரையீரல் நோயாளியின் இதயத்தின் வலப்பக்கம் இந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் தினமும் தள்ளிக்கொண்டிருக்கிறது.

இரும்பு ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. நுரையீரல் நோயாளிகளிடமே ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு சிறிய சோதனையில், இரும்பு ஏற்றிய பிறகும் ஆக்சிஜன் எண் உயரவில்லை. நடக்கிற தூரம் மட்டும் சில மீட்டர் கூடியது. படி ஏற முடியாதவருக்கு அது சின்ன லாபமில்லை. ஆனால் பம்ப்பை நிறுத்திவிட்டு இரும்பை நம்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்றை அந்த டாக்டர் விடாமல் கேட்டார். இரும்பு எங்கே போனது? பெரியம்மாவின் சுருக்குப்பையில் கேள்விக்கு விடை இருந்தது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலிமாத்திரை அட்டை, அதோடு ஸ்டீராய்டு. எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையில் புண், சொட்டுச் சொட்டாக ரத்தக் கசிவு. வயதானவர்களுக்கு இரும்பு குறைந்தால் டானிக் கொடுத்து அனுப்பிவிடுவது தவறு. புண், மூலம், குடல்புழு, சிலருக்குக் குடல் புற்றுநோய்கூட இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பேரீச்சை என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கீரை நல்லதுதான், ஆனால் அதில் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் கொஞ்சம் கூடும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் ரத்தம் ஊறவைக்கும் என்று நம் ஆத்தாக்கள் சொன்னதில் நிஜம் இருக்கிறது. அசைவத்தில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். ஆனால் கதவு பூட்டிக்கிடக்கும் உடம்புக்குச் சாப்பாடு மட்டும் போதாது. மாத்திரையைக்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் நன்றாகச் சேர்வதாக 2017-ல் சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஒரு நாளைக்கு ஏறி நிற்பதே காரணம். பெரியம்மாவுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நரம்பு வழியாக ஏற்றினார்கள், சளித்தொற்று முழுதும் ஆறிய பிறகு. தொற்று இருக்கும்போது ஏற்றினால் கிருமிக்கே தீனி போட்டதாக ஆகிவிடக்கூடும். தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக்குறை உள்ள சிலருக்கு இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம்.

தை மாதம் போனபோது பெரியம்மா முக்கால் குடம் கொண்டுவந்தார். நடுவில் ஒரு முறை நின்றார். பம்ப் இன்னும் இருக்கிறது, கடைசிவரை இருக்கும். வலிமாத்திரை மட்டும் சுருக்குப்பையில் இல்லை.

உங்கள் வீட்டில் பம்ப் எடுக்கும் அப்பாவோ அத்தையோ இருந்தால், மருந்து ஒழுங்காக எடுத்தும் சோர்வு கூடிக்கொண்டே போனால், பழைய ரிப்போர்ட் கவரை ஒருமுறை திறந்து பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் இருக்கிறதா, ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். இருந்தால், நார்மல் என்ற அச்சை நம்பி மடித்து வைக்காமல், நுரையீரல் நோயோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.