இந்த ஆண்டு யார் முறை?

பிரிந்துபோன வங்காளக் குடும்பங்களை ஐந்து நாள் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிறாள் துர்கை. செலவுக் கணக்கும் சண்டையும் சமரசமும் அவளுடனேயே வருகின்றன.

கொல்கத்தாவின் பழைய வீடுகளில் துர்கா பூஜை எந்த நாளில் தொடங்கும் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லிவிடும். யார் செலவில் நடக்கும் என்பதைச் சொல்வது குடும்பத்தின் கணக்கு நோட்டு. இந்த ஆண்டு மூத்தவர் கிளை, அடுத்த ஆண்டு நடுவர் கிளை, அதற்கடுத்த ஆண்டு இளையவர் கிளை என்று பல குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. வங்காளியில் இதற்குப் 'பாலா' என்று பெயர். தமிழ்நாட்டுக் கோயில்களில் குருக்கள் குடும்பங்கள் முறை வைத்துப் பூஜை செய்கின்றனவே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. முறை வருகிற கிளைக்கு அந்த ஆண்டு பெருமை. கூடவே பெரும் செலவு.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது தெருப் பந்தல்களும் விளக்கு அலங்காரங்களும்தான். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் தொலைக்காட்சிகள் காட்டியது பந்தல்களைத்தான். ஆனால் பந்தல் பின்னால் வந்தது. ஆரம்பத்தில் துர்கா பூஜை ஜமீன்தார்களும் வியாபாரிகளும் தங்கள் வீட்டில் நடத்திய விழா. ஹூக்ளி மாவட்டம் குப்திபாராவில் 18ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து தனியாக ஒரு பூஜை தொடங்கியதாகச் சொல்வார்கள். 'பாரோ' என்றால் பன்னிரண்டு, 'யார்' என்றால் நண்பன். பொதுப் பூஜைக்குப் 'பாரோயாரி' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

வீட்டுப் பூஜை இன்னும் நின்றுவிடவில்லை. வட கொல்கத்தாவின் சந்துகளிலும் கிராமத்து ஜமீன் வீடுகளிலும் அது தொடர்கிறது. நடத்துபவர்கள் இப்போது ஜமீன்தார்கள் அல்ல. வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், ஓய்வூதியக்காரர்கள், பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள்.

வீடு பிரிந்தது, பூஜையும் பிரிந்தது

இந்தப் பூஜைகளின் சரித்திரமே ஒருவகையில் பாகப்பிரிவினைகளின் சரித்திரம்தான். சாபர்ண ராய் சௌத்ரி குடும்பம் கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள பாரிஷாவில் 1610 முதல் பூஜை நடத்திவருகிறது. சூதாநுட்டி, கோவிந்தபூர், கலிகாதா என்ற மூன்று கிராமங்களின் உரிமையை 1698இல் 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தது இந்தக் குடும்பம்தான். குடும்பம் கிளைவிட, பூஜையும் கிளைவிட்டது. இப்போது ஒன்றுக்குப் பதில் பல வீடுகளில் நடக்கிறது.

ஷோபாபஜார் ராஜ்பாரியின் கதை இன்னும் சுவாரஸ்யம். பிளாசிப் போர் நடந்த 1757இல், கிளைவின் ஆதரவு பெற்ற நவகிருஷ்ண தேவ் தொடங்கிய பூஜை அது. குழந்தை இல்லாததால் அண்ணன் மகன் கோபிமோகனைத் தத்து எடுத்தார். பிறகு அவருக்கே ஒரு மகன் பிறந்தான்: ராஜகிருஷ்ணன். விளைவு, ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு ராஜ்பாரிகள், இரண்டு துர்கைகள். பெரிய தரப்பு, சிறிய தரப்பு என்று இன்றும் இரண்டு பூஜைகள் நடக்கின்றன. தேவ் குடும்பம் காயஸ்தர்கள் என்பதால் அங்கே அம்மனுக்குச் சமைத்த சோறு படைப்பதில்லை. இனிப்புகளும் பலகாரங்களும்தான் நைவேத்தியம். இதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது!

மகள் வருகிறாள்

பிரிந்தவர்கள் ஏன் ஆண்டுதோறும் கூடுகிறார்கள்? இந்த விழாவை வங்காளிகள் புரிந்துகொள்ளும் விதத்தில் பதில் இருக்கிறது. மகிஷனை வதைத்த பராசக்தி என்பது சிலையில் தெரிவது. வீட்டுப் பெண்களின் பேச்சில் அவள் உமா, கல்யாணமாகிக் கைலாசத்துக்குப் போன மகள். சுடுகாட்டில் திரியும் ஏழை மாப்பிள்ளையிடம் வாழ்க்கைப்பட்டவள். ஆண்டுக்கு ஒருமுறை நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். தமிழர்களுக்கு ஆச்சரியமான விஷயம், அந்த நான்கு பேரில் கணேசனும் கார்த்திகேயனும் மட்டுமல்ல, லட்சுமியும் சரஸ்வதியும் உண்டு. வள்ளி, தெய்வானை இல்லாத கார்த்திகேயன் அங்கே அழகான பிரம்மச்சாரி.

தெய்வமே பிறந்த வீட்டுக்கு வரும்போது, வீட்டுப் பெண்கள் வராமல் இருப்பார்களா? கட்டிக்கொடுத்த மகள்கள், அத்தைகள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஐந்து நாள் அழைப்பு உண்டு. தமிழ்நாட்டில் தலைதீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வருவது முதல் ஆண்டோடு சரி. இங்கே உமாவுக்கு ஒவ்வொரு ஆண்டும் தலைதீபாவளி.

ஏற்பாடுகள் மழைக்காலத்திலேயே தொடங்கிவிடும். பல வீடுகளில் ரத யாத்திரை நாளில் சிலைக்கான மரச்சட்டத்துக்குப் பூஜை போடுவார்கள். பழைய குடும்பங்கள் பலவற்றில் சிலை வெளியிலிருந்து வருவதில்லை. வீட்டின் பூஜை மண்டபமான 'டாகுர் தாலானி'லேயே குயவர் வைக்கோல் கட்டி, மண் பூசி உருவாக்குகிறார். அம்மன், நான்கு பிள்ளைகள், சிங்கம், அசுரன் எல்லோரும் ஒரே திருவாசியின் கீழ் நிற்கும் 'ஏக்சாலா' அமைப்பு. பந்தல்களில் ஆளுக்கொரு பீடமாகப் பிரிந்து நிற்பது பிறகு வந்த வழக்கம். கூட்டுக் குடும்பம் உடைந்த வீடுகளில்கூட உமாவின் குடும்பம் இன்னும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறது.

மஹாளயத்து விடியற்காலை நான்கு மணிக்கு ஆகாசவாணியில் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் தேவி மகாத்மிய வாசிப்பு. 1930களில் தொடங்கிய நிகழ்ச்சி. 1976இல் அதை மாற்றி நடிகர் உத்தம் குமாரின் குரலில் வேறு நிகழ்ச்சியைப் போட்டார்கள். வங்காளம் கொதித்தது, பழைய குரல் திரும்பி வந்தது. இந்த விழாவில் எதையாவது மாற்ற நினைக்கும் மருமகள்கள் மறக்காத பாடம் இது.

வேலைப் பங்கீடு

ஐந்து நாளும் வீட்டில் வேலை ஓயாது. தேங்காயும் வெல்லமும் சேர்த்து 'நாரு' உருட்ட வேண்டும், பழம் நறுக்க வேண்டும், கோலம் போட வேண்டும். சப்தமி காலையில் வாழைக்கன்றைக் குளிப்பாட்டிப் புடவை கட்டிக் கணேசன் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அஷ்டமி முடிந்து நவமி தொடங்கும் 48 நிமிடங்கள் சந்தி பூஜை. அதற்கு 108 தாமரை, 108 விளக்கு. தாமரை விலை ஏறும் நாள் அது. விளக்கின் திரி அணையாமல் பார்த்துக்கொள்ள ஆள் போதாமல், வெளியூரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளையும் பிடித்து உட்கார வைப்பார்கள்.

யார் எந்த வேலையைச் செய்வது என்பதில்தான் வீட்டின் அரசியல் முழுவதும் இருக்கிறது. மூத்த மருமகளுக்கு நைவேத்தியத் தட்டு, இளைய மருமகளுக்குப் பாத்திரம் என்று எழுதாத சட்டம். முறை யாருடையதோ அவர்கள் சொல்வதுதான் நடக்க வேண்டும் என்பார் ஒருவர். அனுபவம் யாருக்கோ அவர்கள் சொல்வதுதான் என்பார் இன்னொருவர். ஆண்டு முழுக்கப் பூட்டிக்கிடந்த அறையை யாருக்குக் கொடுப்பது, இருக்கிற இரண்டு குளியலறைகளை முப்பது பேர் எப்படிப் பங்கிடுவது, பணம் மட்டும் அனுப்பிவிட்டு வராமல் இருந்த தம்பியின் பெயரை அர்ச்சனையில் எத்தனையாவதாகச் சொல்வது. சண்டைக்குக் காரணம் கிடைக்காமல் போகாது.

சமரசத்துக்கும் வழி கிடைக்காமல் போகாது. ஆடு பலியிடும் வழக்கம் இருந்த பல வீடுகளில் இப்போது பூசணிக்காயும் கரும்பும் வெட்டுகிறார்கள். ஷோபாபஜாரில் தசமியன்று பனங்காடையைப் பறக்கவிடுவது வழக்கம். உமா கிளம்பிவிட்டாள் என்று சிவனிடம் அது போய்ச் சொல்லுமாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உயிருள்ள பறவைக்குப் பதில் பொம்மைப் பறவை. சம்பிரதாயமும் தப்பியது, பறவையும் தப்பியது.

நீதிமன்றம் ஏறிய தெய்வம்

வீட்டுக்குள் தீராத வழக்குகள் வெளியே போனதும் உண்டு. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில், தன் முறை வரும்போது குலதெய்வ விக்கிரகத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்ற தகராறு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1925இல் வந்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. விக்கிரகம் வெறும் சொத்து அல்ல, சட்டத்தின் கண்ணில் அது ஒரு நபர். அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் விருப்பமும் மதிக்கப்பட வேண்டும். அதற்காகப் பேச, தகராறில் சம்பந்தப்படாத ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது கவுன்சில். அண்ணன் தம்பிகளின் வழக்கில் தெய்வத்துக்கும் ஒரு தரப்பு கிடைத்தது.

பெண்களுக்குக் கிடைக்க இன்னும் காலம் பிடித்தது. பூஜையை நிர்வகிக்கும் 'சேவாயத்' உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதே வழக்கம். கணவனை இழந்த மனைவிக்கும் அதில் பங்கு உண்டா என்ற கேள்வி, அங்கூர்பாலா மல்லிக் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1951இல் நீதிமன்றம் உண்டு என்றது. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இந்த உரிமைக்கும் பொருந்தும் என்பது தீர்ப்பு.

சட்டம் கொடுத்ததைச் சடங்கு கொடுத்துவிடவில்லை. தசமியன்று கிளம்பும் உமாவின் வாயில் இனிப்பு ஊட்டி, நெற்றியில் குங்குமம் இட்டு, பிறகு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் குங்குமம் பூசிக்கொள்ளும் 'சிந்தூர் கேலா'வில் சுமங்கலிகளுக்கு மட்டும்தான் இடம். பூஜைச் செலவில் தன் பங்கைக் கொடுத்த விதவை அக்கா தூணோரம் நின்று பார்க்க வேண்டும். 2017இல் ஒரு ஆங்கில நாளிதழ், விதவைகளையும் திருநங்கைகளையும் சேர்த்துச் சிந்தூர் கேலா நடத்த அழைப்பு விடுத்தது. பந்தல்கள் சில மாறின. 2021இல் தென் கொல்கத்தாவின் ஒரு பொதுப் பூஜையில் நான்கு பெண்களே புரோகிதர்களாக மந்திரம் சொன்னார்கள். வீடுகள் மெதுவாகத்தான் நகர்கின்றன. அங்கே ஒரு வழக்கத்தை மாற்ற எந்தக் கமிட்டியும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. ஒரு மாமியார் தலையசைக்க வேண்டும்.

கூரை யாருடையது?

எல்லாவற்றுக்கும் மேலே பணப் பிரச்னை. பூஜைச் செலவுக்கென்று எழுதிவைத்த நிலங்களின் வருமானத்தில் விழா நடந்த காலம் ஒன்று இருந்தது. 1953இன் மேற்கு வங்க ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வருமானம் பல குடும்பங்களுக்கு வற்றிவிட்டது. சிலை, புரோகிதர், தாள வாத்தியம் அடிக்கும் 'டாக்கி'கள், சமையல்காரர், பூ என்று எல்லாம் ஏறியிருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். கொடுக்க முடியாத கிளையின் முறையை இன்னொரு கிளை ஏற்றுக்கொள்கிறது. மறுவருஷம் அது சொல்லிக்காட்டப்படுகிறது.

பழைய வீடுகளில் ஒழுகும் கூரைக்கு யார் செலவு செய்வது என்பது பூஜையைவிடப் பெரிய கேள்வி. நாற்பது பங்குதாரர்கள் இருக்கும் வீட்டில் நாற்பது கையெழுத்து வேண்டும். கொல்கத்தாவில் 'புரோமோட்டர்' என்று அழைக்கப்படும் அடுக்குமாடிக் கட்டடக்காரர் பொறுமையாகக் காத்திருக்கிறார். கிராமத்து மாளிகைகள் சில பிழைக்க வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஹூக்ளி மாவட்டத்து இட்டாசுனா ராஜ்பாரி விருந்தினர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறது. சினிமாப் படப்பிடிப்பும் நடந்திருக்கிறது. நகரத்துச் சந்துகளில் அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

இந்த நிலைமையை வைத்துத்தான் ரிதுபர்ணோ கோஷ் 2000இல் 'உத்சவ்' படத்தை எடுத்தார். துர்கா பூஜைக்கு ஒரு குடும்பம் பூர்வீக வீட்டில் கூடுகிறது. வீட்டை விற்றுவிடலாமா என்ற பேச்சும் கூடவே வருகிறது. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவருக்கு அந்தப் படத்துக்காகக் கிடைத்தது. பல வங்காளிகளுக்கு அது சொந்த வீட்டுக் கதையாகவே இருந்தது.

2020இல் கொரோனா வந்தபோது, பந்தல்களுக்குள் பார்வையாளர்கள் நுழையக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பழைய வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டன. வெளிநாட்டுப் பிள்ளைகள் செல்போன் திரையில் ஆரத்தி பார்த்தார்கள். அந்த ஆண்டும் பூஜையை விட்டுவிடாத குடும்பங்கள், அதைப் பெருமையாகக் குறித்து வைத்திருக்கின்றன.

பழைய சோறு

தசமியன்று சில வீடுகளில் அம்மனுக்குப் படைப்பது பழைய சோறும் சேம்பங்கீரையும். கைலாசத்தில் இதுதானே கிடைக்கும், புகுந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு மகள் பழகிக்கொள்ளட்டும் என்று காரணம் சொல்வார்கள். கிளம்பும்போது, கல்யாணப் பெண் பிறந்த வீட்டுக் கடனை அடைப்பதைப்போல, அம்மன் சார்பில் அரிசியும் காசும் பின்பக்கமாக வீசப்படும். வீட்டுப் பெண்மணி முந்தானையை விரித்து அதை வாங்கிக்கொள்வார். அந்த நேரத்தில் அழாத வீடு கிடையாது.

சிலை ஆற்றில் கரைந்ததும் விஜயா. இளையவர்கள் பெரியவர்களின் காலைத் தொட வேண்டும், ஒத்த வயதினர் கட்டித் தழுவ வேண்டும். ஐந்து நாள் முகம் கொடுத்துப் பேசாதவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. வாயில் இனிப்பு இருக்கும்போது மறுபடி சண்டை போடுவதும் சிரமம். பாகப்பிரிவினைப் பத்திரங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் செய்யாத வேலையை ஒரு தட்டு நாரு செய்துவிடுகிறது, குறைந்தபட்சம் அடுத்த பௌர்ணமி லட்சுமி பூஜை வரை.

ஆற்றங்கரையில் எல்லோரும் சேர்ந்து எழுப்பும் கோஷம் ஒன்று உண்டு: அடுத்த ஆண்டு மறுபடி நடக்கும்! பந்தல்காரர்களுக்கு அதில் சந்தேகமில்லை. கமிட்டி இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு எல்லோரும் ரயிலுக்கும் விமானத்துக்கும் கிளம்புவதற்குள் கணக்கைப் பார்த்து, மீதியை எண்ணி, வெள்ளிப் பாத்திரங்களின் சாவியையும் நோட்டையும் அடுத்த முறைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால்தான் அந்த வீட்டில் அடுத்த ஆண்டு உமா வருவது உறுதி.